அப்பாவின் வலது கண்

கதிரவெளி
21.01.2024

அக்காவுக்கு,

அப்பாவின் கிளாஸின் அடியில் ஒரு செம்மஞ்சள் வளையம் காய்ந்துபோய்க் கிடந்தது. முதலில் கண்டது அதைத்தான். அந்தக் கிளாஸில் அப்பா பிளேன்ரீயைத் தவிர வேறொன்றும் குடிப்பதில்லை. தேயிலைக் கறை என்றால் மண்ணிறமாக இருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். தோடம்பழச் சோடாவின் இனிப்பு.

"அப்பா, சோடா குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"சோடாவா? நான் எங்க சோடா குடிச்ச?" என்று கூரையைப் பார்த்தார். பொய் சொல்லும்போது அப்பா கூரையைத்தான் பார்ப்பார். அது உனக்கும் தெரியும்.

பின்னேரம் வலையை மடிக்கப் போனபோது வலை மிதப்புகள் போடுகிற மிதப்புப் பைக்குள் ஒரு குழாய் இருந்தது. விற்றமின் சி. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிற மாத்திரை. குழாயைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் நின்றேன்.

"அக்கா அனுப்பினவள் புள்ள. நெஞ்சுக்கு நல்லதாம். உனக்குச் சொன்னா நீ முகத்த நீட்டுவாய் எண்டு..."

அக்கா, அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் அப்பாவுக்கு என்ன உள்ளே போகிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்காகத்தான் பத்தாம் வகுப்போடு நின்றேன். நீ படித்து முடித்துப் பட்டினத்துக்கு வேலைக்குப் போனாய். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் றமீஸ் நானாவின் மீன் வண்டியில், எனக்குத் தெரியாமல், அப்பாவுக்குக் களவாக மருந்து அனுப்புகிறாய். அப்பாவும் அதை என்னிடமிருந்து ஒளித்து வைக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் யார்?

இதைப் போனில் கேட்கலாம் என்று சொல்வாய். போன் அப்பாவுடையது. அவர் அதைக் காதில் வைப்பதில்லை, லவுட்ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். போன மாதம் நீ "உனக்கென்னடி தெரியும்" என்று சொன்னது வேலிக்கு அங்கால் புஸ்பம் மாமிக்கும் கேட்டது. மாமி சிரித்தா. அதற்குப் பிறகு நான் உன்னோடு போனில் கதைக்க மாட்டேன். எழுதினால்தான் எனக்குக் கதை வரும்.

எனக்கும் ஒன்று தெரியும். தேசிக்காயிலும் விற்றமின் சி இருக்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தது. நாளையிலிருந்து அப்பாவுக்கு நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுக்கப்போகிறேன்.

கூனிக் கருவாடு வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்கும் என்று அப்பா சொன்னதால்.

விதுர்ஷா


நாவற்குடா
28.01.2024

விதுர்ஷா,

உன் கடிதம் மீன் வண்டியின் ஐஸ் தண்ணீரில் பாதி நனைந்துதான் வந்தது. மின்விசிறிக்குக் கீழே காய வைத்து வாசித்தேன். "அன்பின்" என்று ஒரு சொல் போடுவதற்குள் உன் பேனையில் மை முடிந்துவிட்டதா?

களவாக அனுப்பவில்லை. நீ கோபிப்பாய் என்று அப்பாதான் "சின்னவளுக்குச் சொல்லாத" என்றார். கோபிப்பாய் என்று அவர் நினைத்தது சரிதானே!

ஏன் அனுப்பினேன் என்று சொல்கிறேன், ஆறுதலாக இருந்து வாசி. எங்கள் கண் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு கமரா வந்திருக்கிறது. கண்ணுக்குத் துளி மருந்து விட்டு, நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணின் பின்சுவரைப் படம் எடுக்கும். அங்கே ரத்தக் குழாய்கள் அப்படியே தெரியும். ரிப்கா டொக்டர் சொன்னா, உடம்பில் வெட்டாமல் கிழிக்காமல் ரத்தக் குழாயைக் கண்ணால் பார்க்கிறதென்றால் அந்த ஒரு இடத்தில்தானாம். கண்ணுக்குள் குழாய் பழுதாகத் தொடங்கினால் நெஞ்சிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாமாம்.

அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் ஞாபகந்தான் வந்தது. அம்மாவுக்கு நெஞ்சு நொந்தபோது நாங்கள் வாயு என்று நினைத்து உள்ளியும் ஓமமும் அவித்துக் கொடுத்தோம். அம்மாவின் கண்ணை அப்போது யாராவது இப்படிப் பார்த்திருந்தால்? அப்பாவுக்கும் பிரஷர் இருக்கிறது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பிறகு மருந்துக் கம்பனிக்காரர் ஒருவர் கிளினிக்குக்கு வந்து, ரத்தக் குழாயின் சுவர் உறுதியாக இருக்க விற்றமின் சி வேண்டும் என்று விளக்கிவிட்டுச் சில மாத்திரைக் குழாய்கள் தந்துவிட்டுப் போனார். அதைத்தான் அப்பாவுக்கு அனுப்பினேன். பிழையா?

கமரா பழகுவதற்காக எங்கள் கண்களையே எடுத்துப் பார்த்தோம். என்னுடையதை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கொடு. அவரையும் ஒரு நாள் இங்கே கூட்டிக்கொண்டு வா, படம் எடுப்போம்.

இங்கே நான் வாடகைக்கு இருக்கிற லில்லியன் அன்ரியின் வீட்டில் சாப்பாடு நல்லம். ஆனால் ஒருவரும் என்னோடு இருந்து சாப்பிடுவதில்லை. நீ ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு எதிரில் இருந்து சாப்பிடுகிறாய். அதை நினைத்துக்கொண்டு கோபி.

மேனுகா


கதிரவெளி
11.02.2024

அக்காவுக்கு,

உன் கண்ணை அப்பாவிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

அதைக் கையில் வாங்கியவர், களப்பில் வலை போடப் போக நேரமாகிறது என்பதையும் மறந்துவிட்டார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கடையில் பிளாஸ்டிக் உறை போடுவித்து, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொழுவிவிட்டார். செம்மஞ்சளாக ஒரு வட்டம், நடுவே சிவப்பு வேர்கள். வருகிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

புஸ்பம் மாமி பார்த்துவிட்டு, "இதென்னகா, முட்டைப் பொரியலா?" என்று கேட்டா.

"முட்டைப் பொரியலோ! இது என்ட மூத்தவள்ர கண்ணுக்குள்ள இருக்கிறது," என்றார் அப்பா. "பாருங்க, எப்படி வேரோடி இருக்கெண்டு. நல்ல கண்."

மாமி உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டா. சாமிப் படம் போலத்தான் நிற்கிறாய், அக்கா.

எங்கள் சுவரில் அம்மா இருக்கிறா. நீ பட்டினத்துக்குப் போன அன்று எடுத்த படம் இருக்கிறது. இப்போது உன் கண்ணின் உள்பக்கமும் இருக்கிறது. என் படம் ஒன்றும் இல்லை. நான் வீட்டில்தானே நிற்கிறேன், எனக்கு எதற்குப் படம் என்று அப்பா நினைத்திருப்பார். இரவு படுக்கும்போது உன் கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். விடிய அப்பா அதை நேராக்கி வைத்தார்.

தேசிக்காய்த் தண்ணீர் நல்லாகப் போகிறது. முதலில் சீனி போட்டேன். அப்பா பாதி குடித்துவிட்டு வைத்தார். மறுகா உப்புப் போட்டேன், நல்லாகக் கூட்டிப் போட்டேன். "ஆ, இது தண்ணி" என்று ஒரே இழுவையில் முடித்தார். வெயிலில் வேர்த்து உப்பு வெளியே போகிறது, அதை உள்ளே திருப்பி வைக்க வேண்டுந்தானே. இப்போது விடியற்காலையில் ஒரு செம்பு, களப்புக்குக் கொண்டுபோக ஒரு போத்தல், பின்னேரம் இன்னொரு செம்பு. இவ்வளவும் குடித்த பிறகும் உன் மாத்திரையைக் கிளாஸில் போட்டு அது பொங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்கிறார். குடித்துவிட்டு ஏவறை விடுகிறார். அந்த ஏவறைகூட உன் பெயரைச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இப்போது இறால் படுகிற நேரம். பட்டினத்துக்கு வர அப்பாவுக்கு வசதிப்படாது. உன் கமரா கொஞ்சம் பொறுக்கட்டும்.

விதுர்ஷா


நாவற்குடா
03.03.2024

விதுர்ஷா,

நேற்று அப்பா போன் எடுத்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க முதல், "சின்னவள்ர தேசிக்காய்த் தண்ணி போல ஒரு சாமான் உலகத்தில இல்ல மகள்" என்றார். பிறகு நீ வைத்த இறால் ஆணம். பிறகு நீ புதிதாக இடித்த கருவாட்டுச் சம்பல். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு ஏதாவது சமைக்கத் தெரியும் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ சுவரில் படம் இல்லை என்று அழுகிறாய். நான் அவருடைய வாயில் இல்லை.

பெரிய மாத்திரைக் குழாய் அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று காணாது, காலையும் பின்னேரமும் குடிக்கச் சொல். உன் தேசிக்காயில் எவ்வளவு விற்றமின் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இதில் எழுதியே இருக்கிறது.

சரி, சண்டை போதும். இன்னொன்று சொன்னார், உனக்குச் சொன்னாரோ தெரியவில்லை. பின்கழுத்து இடிக்கிறதாம். வலது கண்ணில் ஒரு பக்கம் புகை பிடித்த மாதிரி இருக்கிறதாம். "வலைக் கண்ணுக்க ஊசி போகுதில்ல மகள், வயசு போயிட்டு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவும் எல்லாவற்றுக்கும் சிரித்தவதான்.

இறால் படுகிற நேரமாம்! இறால் அடுத்த வருடமும் படும். ரிப்கா டொக்டரிடம் கேட்டு 15ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நீ கூட்டிக்கொண்டு வராவிட்டால் நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன். அப்படிக் கூட்டிக்கொண்டு போனால் என்னோடுதான் வைத்திருப்பேன், இதையும் இப்போதே சொல்லிவிட்டேன்.

மேனுகா


கதிரவெளி
17.03.2024

அக்காவுக்கு,

கூட்டிக்கொண்டு வந்தேன். நீ வந்து பிடுங்கிக்கொண்டு போவதைவிட அது நல்லம் என்று வந்தேன்.

கிளினிக்குக்கு வெளியே வாங்கிலிலேயே இருந்துவிட்டேன் என்று கோபித்திருப்பாய். நீ வெளியே வந்து "உள்ளுக்கு வாவன்" என்று கூப்பிட்டாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு வெள்ளைக் கோட்டு வடிவாக இருக்கிறது. என் செருப்பில் சேறு இருந்தது.

ஆனால் கண்ணாடிக் கதவால் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா நாடியைத் தாங்கியில் வைத்தார். நீ அவருடைய பிடரியில் கை வைத்து நெற்றியை முன்னுக்குத் தள்ளினாய். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார். நான் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனாலே "போ புள்ள" என்று கையைத் தட்டிவிடுகிறவர். ஒரு வெளிச்சம் அடித்தது. நீ திரையைப் பார்த்தாய். உன் முகம் மாறியதும் எனக்குத் தெரிந்தது.

டொக்டரின் அறைக்குள் நீங்கள் மூன்று பேரும் போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது அப்பாவுக்குக் கண் கூசியது. நீங்கள் விட்ட துளி மருந்தால் கருமணி பெரிதாகி, வெளிச்சம் பட்டதும் கண்ணீர் வடிந்தது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். "கழிவுத்தண்ணிக் கான் இருக்கு அப்பா, காலைத் தூக்குங்க" என்று சொன்னால் தூக்கினார். பஸ்ஸிலும் என் தோளை விடவில்லை. வாகரை தாண்டும்வரை நான் அசையவில்லை. அது எனக்கு மட்டும் கிடைத்தது, உனக்கு இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா வேறு ஆளாக இருக்கிறார். உன் மாத்திரையைத் தொடவில்லை. என் தேசிக்காய்த் தண்ணீரையும் தொடவில்லை. "வயிறு நிறைஞ்சிருக்கு புள்ள" என்கிறார். டொக்டர் என்ன சொன்னா என்று கேட்டேன். "ஒண்டுமில்ல" என்று கூரையைப் பார்த்தார்.

திரும்பவும் நீங்கள் இரண்டு பேரும் எதையோ ஒளிக்கிறீர்கள். நான் கரைத்து வைத்த செம்பு அப்படியே கிடக்கிறது. சொல்லு அக்கா. அப்பாவின் கண்ணுக்குள் என்ன இருந்தது?

விதுர்ஷா


நாவற்குடா
20.03.2024

விது,

அப்பா சொல்லாதே என்றார். நான் சொல்கிறேன்.

படத்தில் இரண்டு விசயம் தெரிந்தது. ரத்தக் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப்போகிற இடங்களில் கீழே இருந்தது நசிந்துபோயிருந்தது. வலது கண்ணில் விளக்குச் சுடர் மாதிரி ஒரு சிவப்பு, ரத்தக் கசிவு. ரிப்கா டொக்டர் பார்த்தவுடனே, "இது கண் வருத்தமில்ல. பிரஷர்" என்றா. அளந்தபோது நேர்ஸ் நம்பாமல் இன்னொரு தரம் அளந்தா. இப்படியே விட்டால் அடுத்தது நெஞ்சாகவோ மூளையாகவோ இருக்கும் என்று டொக்டர் சொன்னா.

"ஐயா, பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம். ஒரு நாளும் தவறினதில்ல."

"அப்ப ஏன் இறங்குதில்ல? என்ன சாப்பிடுறீங்க, என்ன குடிக்கிறீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க."

அப்பா சொன்னார். தேசிக்காய்த் தண்ணீர், காலையில் செம்பு, பகலில் போத்தல், பின்னேரம் செம்பு. "உப்புப் போட்டோ?" "உப்பில்லாம என்னெண்டு டொக்டர் குடிக்கிற?" பிறகு என் மாத்திரையைச் சொன்னார். டொக்டர் தன் மேசையில் கிடந்த அதே மாத்திரைக் குழாய் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா. அது பொங்குவதற்காகச் சேர்த்திருப்பதும் ஒரு வகை உப்புத்தானாம். பிரஷர்காரர் அதைக் குடிக்கக் கூடாதாம். ரத்தக் குழாய்க்கு விற்றமின் சி வேண்டும் என்றது பொய்யில்லை, ஆனால் கொய்யாப்பழமும் தேசிக்காயும் சாப்பிடுகிறவருக்கு அது காணும், அதற்கு மேல் மாத்திரை குடித்து மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரமில்லை என்றா. கம்பனிக்காரர் சொன்னதில் எனக்குப் பிடித்ததை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு மனிசன் இவ்வளவத்தையும் ஏன் ஐயா குடிச்சீங்க?" என்று டொக்டர் கேட்டா.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மூத்தவள் அனுப்புறதக் குடிக்காட்டி அவள் போனில அழுவாள். சின்னவள் கரைக்கிறதக் குடிக்காட்டி ரெண்டு நாளைக்கு என்னோட பேசமாட்டாள். நான் என்ன டொக்டர் செய்யிற? ரெண்டையும் குடிச்ச."

டொக்டர் சிரித்தா. நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வருத்தத்தைத் தடுக்கிறேன் என்று நீ ஒரு பக்கத்தால் உப்புக் கொடுத்தாய், நான் மறுபக்கத்தால் கொடுத்தேன். பிரஷர் மாத்திரை அழுத்தத்தைக் கீழே இறக்க, நாங்கள் போட்டி போட்டு மேலே ஏற்றியிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறையை விட்டு வரும்போது, "சின்னவளுக்குச் சொல்லாத, அவள் தாங்கமாட்டாள்" என்றார். அதை என்னிடம் சொன்னார். நான் தாங்குவேனாம். எனக்கு மனம் உடைந்துபோனது உப்புக் கதையால் இல்லை, இதனால்தான்.

இனி மாத்திரைக் குழாய் அனுப்ப மாட்டேன். உப்பைக் குறை, கருவாட்டை நிற்பாட்டு. ஊர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி டொக்டர் கடிதம் கொடுத்திருக்கிறா, அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் ஒளித்திருந்தால் மிதப்புப் பைக்குள் பார்.

மேனுகா


கதிரவெளி
31.03.2024

அக்கா,

மிதப்புப் பைக்குள்தான் இருந்தது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே எழுதவில்லை. கோபத்தில் இல்லை. செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை மாற்றித் தந்திருக்கிறார்கள். அங்கே நான் வாங்கிலில் இருக்கவில்லை, உள்ளே போனேன். நேர்ஸ் "யார் சமைக்கிறது?" என்று கேட்டபோது கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடம் போல. எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார்.

அன்று இரவு உப்புக் குறைத்து மீன் ஆணம் வைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"புள்ள, உப்பு முடிஞ்சிட்டா?"

"இல்ல."

"மறந்திட்டியா?"

"இல்ல."

சோற்றை விரலால் அளைந்தார். "எல்லாம் தெரியுமா உனக்கு?"

"ஓம். அக்கா சொன்னவள். உப்புப் போட வேணாமெண்டதும் அக்காதான்."

பழியை உன்மேல் போட்டுவிட்டேன். கறி ருசியில்லாததற்கு நான் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? "இவள் மேனுகா பட்டினத்தில இருந்துகொண்டு எங்கட குசினிக்க கை விடுறாள்" என்று புறுபுறுத்துக்கொண்டு சாப்பிட்டார். கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதே ஆணத்தை நானும் சாப்பிட்டேன். நல்லா இல்லை. கொறுக்காய்ப்புளி கூட்டிப் போட்டால் கொஞ்சம் சரிவரும் போல இருக்கிறது.

தாங்கமாட்டேன் என்று அப்பா நினைத்தார். உன்னைப் பார்த்துத் தாங்குவாய் என்று சொன்னதில் நீ ஏன் அழுகிறாய் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. எனக்கு அப்படி ஒரு தரம் சொன்னால் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

அந்தக் கண்ணில் கசிந்த ரத்தம் போகுமா அக்கா?

விதுர்ஷா


நாவற்குடா
23.06.2024

விது,

போய்விட்டது. முதலில் அதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அப்பா றமீஸ் நானாவின் வண்டியில் முன் சீட்டில் ஏறித் தனியே வந்து இறங்கினார். உடம்பெல்லாம் மீன் மணம். லில்லியன் அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா. கையில் ஒரு பை கொய்யாப்பழம், "சின்னவள் குடுத்துவிட்டவள், உனக்கும் குழாய் உறுதியா இருக்கட்டுமாம்" என்றார். உன் வாய் இப்போது நீண்டுவிட்டது.

படத்தில் அந்தச் சுடர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு மங்கல் மட்டும் கிடக்கிறது. நசிந்த இடங்கள் அப்படியேதான் இருக்கும், அவை திரும்பி வராது, ஆனால் மேலும் பழுதாகவில்லை என்று டொக்டர் சொன்னா. பிரஷர் இறங்கியிருக்கிறது. "ஐயா, வீட்டில யார் உங்களப் பார்க்கிற?" என்று கேட்டா. அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னவள் டொக்டர். உப்பு டப்பாவ எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கிறாள். நான் தேடாத இடமில்ல."

இந்த முறை மூத்தவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் கமராவைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எரிந்தது. எரிந்தாலும் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அச்சு இயந்திரத்தில் மை முடிகிற நிலை. ஒரு படந்தான் நல்லதாக வந்தது. அப்பாவின் வலது கண். என் அறையில் ஒட்டி வைக்க எனக்கு ஆசை. ஓர் இரவு ஒட்டியும் பார்த்தேன். பிறகு கழற்றிவிட்டேன். இது உன் சமையலால் வந்த படம், உனக்குத்தான் சேர வேண்டும். அப்பாவிடம் கொடுக்காதே, அவர் கோயிலில் கொண்டுபோய் வைத்தாலும் வைப்பார்.

ஒரு நாள் வா. உன் கண்ணையும் எடுப்போம். சுவரில் இடம் இருக்குந்தானே.

மேனுகா


கதிரவெளி
30.06.2024

அன்பின் அக்காவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. அப்பா களப்புக்குப் போன பிறகு குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன்.

நீ எழுதிய மங்கலைத் தேடிக் கண்டுபிடித்தேன். பழைய சட்டையில் கறை போன இடம் மாதிரி. அதன் மேல் விரலை வைத்தேன். உன்னுடைய கண்ணைப் போல அப்பாவின் கண் அழகில்லை. குழாய்கள் நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. ஆனால் எனக்கு அதுதான் பிடித்தது. மூன்று நாள் அதை என் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுப்பேன். நல்ல நித்திரை வந்தது, பொய் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, "இண்டைக்கு ஆணம் பரவாயில்ல புள்ள" என்றார். வெயில் வாசலால் வந்து அவருடைய முகத்தில் விழுந்தது. வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். புகை இப்போது இல்லையாம், ஊசிக்கு நூல் தானே கோக்கிறாராம். நான் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தேன். "என்ன, என்ட முகத்தில சோறு ஒட்டியிருக்கா?" என்று கேட்டார்.

நீ இப்போது லில்லியன் அன்ரியின் வீட்டில் தனியே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன்.

உனக்காகத்தான் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. எனக்கு இங்கே உண்மையான கண் இரண்டும் இருக்கின்றன, ஒவ்வொரு நாளும், எனக்கு முன்னால். படம் யாருக்குத் தேவை என்று நீயே யோசித்துப் பார். என் கண்ணை எடுக்க நான் வருவேன், ஆனால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஆட்கள் கூட.

அப்பாவின் படத்தை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்தேன். ஐஸ் தண்ணீர் படாமல் இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டினேன். விடிய றமீஸ் நானா வந்ததும், மீன் பெட்டிக்குள் போட விடாமல் நானே வண்டியின் கதவைத் திறந்து, முன் சீட்டில் வைப்பேன்.

விதுர்ஷா